அந்த பீக் கொலுசிலிருந்து வந்ததா, லேசரிலிருந்தா?

ஊட்டிக் குளிரில் கம்பளிக் காலுறைக்குள்ளேயே கிடக்கும் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துவிடும். கம்பளியில் கந்தகம் உண்டு. வெள்ளியோடு சேர்ந்தால் சில்வர் சல்பைடு. என் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி அந்தக் கறுப்பைச் சுரண்டி, புராஜெக்ட்டுக்காகக் கோவைக்கு மாஸ் ஸ்பெக் (அயனிகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை) எடுக்க அனுப்பினாள்.

எஃகுத் தட்டில் தடவிய பொடியின் மேல் 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசர் விழும். சில்வர் சல்பைடு தானே அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், ஒளியை உறிஞ்சித் தருவதற்கென்று சேர்க்கும் மேட்ரிக்ஸ் எதுவும் கலக்கவில்லை. பொடி ஆவியாகி, அயனிகள் குழாயில் பறக்கும். எடை குறைந்தது முந்திக்கொண்டு போய்ச் சேரும்.

வந்த தாளில் 352.7, 354.7, 356.7, 358.7 என்ற எடைகளில் நான்கு பீக், அதாவது கூர்முனைகள். உயரம் ஏறக்குறைய 1:3:3:1. வெள்ளிக்கு 107, 109 என எடை மட்டும் மாறிய இரண்டு வகை அணுக்கள் (ஐசோடோப்புகள்), இரண்டும் கிட்டத்தட்டச் சரிபாதி என்பதால் மூன்று வெள்ளி அணு சேர்ந்தால் இப்படித்தான் வரும். “மேடம், மூணு வெள்ளி, ஒரு கந்தகம்! கொலுசுல இருக்கிற கிளஸ்டர், அந்த அணுக்கொத்து, கிடைச்சிருச்சு!”

கணக்கு சரி. “கொலுசுல இருக்கிற” என்பதுதான் இடிக்கிறது. திடப் பொருளுக்குள் அப்படித் தனித்தனிக் கொத்து கிடையாது, எல்லாம் ஒரே பின்னல். லேசர் அதைப் பிய்த்து ஆவியாக்குகிறது. அந்த ஆவிக்குள்ளேயே அணுக்கள் மறுபடி கூடிக்கொள்கின்றன. சிங்க் சல்பைடில் 13 ஜோடி கொண்ட கொத்து மட்டும் ஓங்கி நிற்பது பெயர்பெற்ற விஷயம். பொடியில் பதின்மூன்று பதின்மூன்றாகக் கட்டியா வைத்திருக்கிறது? ஆவியில் அந்த அமைப்பு உடையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். சந்தேகமிருந்தால், வெள்ளித் தூளையும் கந்தகத் தூளையும் அப்போதே கலந்து அதே லேசரால் சுட்டுப் பாருங்கள். அதே பீக் வந்தால், கொத்து பிறந்த இடம் ஆவிதான்.

அப்புறம் இன்னொரு பொறி. கந்தகத்தின் எடை 32. இரண்டு ஆக்ஸிஜனும் 32. நுணுக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் 0.018 தான். இந்த எடையில் அதைப் பிரிக்க 20,000 அளவுக்குப் பிரிதிறன் வேண்டும். சாதாரணக் கருவிக்கு அது எட்டாது. ஆனால் இயற்கைக் கந்தகத்தில் நூற்றுக்கு நாலு 34 எடையுள்ளது. ஆகவே 360.7-இல் ஐந்தாவதாக ஒரு குட்டி பீக், உயரமானதில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், இருந்தாக வேண்டும். ஆக்ஸிஜனாக இருந்தால் அது கண்ணுக்கே தெரியாது.

அவள் தாளில் அந்த இடம் வெறும் இரைச்சல். பீக் பெரிதாக வரட்டும் என்று லேசரின் வலுவை ஏற்றச் சொல்லியிருக்கிறாள். பீக் எல்லாம் தடித்துப் போயிருந்தது. லேசரை, அயனி வரத் தொடங்கும் அளவுக்குச் சற்று மேலே மட்டும் வைத்து, நிறைய ஷாட்களைக் கூட்டி மறுபடி எடுக்கச் சொன்னேன்.

அதற்கு முன் இன்னொன்றும் செய்யச் சொன்னேன். அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சூடான சோடா உப்புத் தண்ணீர், அதில் கொலுசு. கறுப்பு மெல்ல மறைந்து வெள்ளி வெளுத்தது. கூடவே லேசாக அழுகிய முட்டை வாடை, கறுப்பிலிருந்த கந்தகத்தின் அடையாளம். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.