காலி வீட்டுக்கு ஒரு குளிர்காலம் போதும்

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நான் பார்க்கும் வேலை மராமத்து மதிப்பீடு. கடன் கட்ட முடியாமல் வங்கி எடுத்துக்கொண்ட வீடுகளில் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, குறைந்த வருமானக் குடும்பத்துக்குக் கொடுக்கலாமா என்று ஒரு சேவை அமைப்பு யோசிக்கும்போது, முதலில் உள்ளே போய்ப் பார்ப்பவன் நான். டார்ச், ஈரம் அளக்கும் மீட்டர், எஸ்டிமேட் தாள், இவ்வளவுதான் சாமான். ஹாலையும் படுக்கையறையையும் பார்ப்பதற்கு முன்னால் நேராக, வீட்டுக்கு அடியில் நிலத்துக்குள் இருக்கும் பேஸ்மென்ட்டுக்கு இறங்கிவிடுவேன். வீட்டின் விதி அங்கேதான் தெரியும்.

2010 பிப்ரவரியில் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதியில் பார்த்த ஒரு வீட்டை இன்னும் மறக்க முடியவில்லை. இரும்பாலைத் தொழிலாளர்களுக்காக நூறு வருஷத்துக்கு முன்பு கட்டிய இரண்டு மாடி மரவீடு. வாசல்கதவு நல்ல ஓக் மரம். சமையலறைச் சுவரில் அக்டோபர் மாதக் காலண்டர் அப்படியே தொங்கியது. கழிப்பறை மூடியில் வங்கியின் ஒப்பந்தக்காரர் ஒட்டிய தாள்: குழாய்களில் இருந்த தண்ணீர் வடிக்கப்பட்டுவிட்டது, பயன்படுத்தாதீர்கள் என்று. சரி, ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி பேஸ்மென்ட் படியில் இறங்கினேன். கீழே மூன்று படிகளைக் காணோம். அவை பனிக்கட்டிக்குள் இருந்தன.

தெருவிலிருந்து வரும் தண்ணீரின் மெயின் வால்வை யாரும் மூடவில்லை. தாளை மட்டும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். குழாயில் நின்ற தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயை வெடிக்கவைத்துவிட்டது. அப்புறம் வாரக்கணக்கில் தண்ணீர் கொட்டியிருக்கிறது. மேல்மாடியில், அறையைச் சூடாக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் தேங்காய் பிளந்த மாதிரி இரண்டாகக் கிடந்தது. அதன் கீழே மரத்தரை அலை அலையாக எழுந்து நின்றது. அந்தக் காலண்டர் மாதத்திலேயே நான் உள்ளே போயிருந்தால் 25 ஆயிரம் டாலருக்குள் எஸ்டிமேட் எழுதியிருப்பேன். பிப்ரவரியில் எழுதியது 80 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த நான்கு மாதங்களும் அந்த வீடு யாருக்கும் உபயோகமில்லாமல் கையெழுத்துகளுக்காகக் காத்திருந்தது.

வீடு இப்படி வங்கிக்குப் போவதற்கு இங்கே 'ஃபோர்குளோஷர்' என்று பெயர். அந்தச் சொல்லை நம்மவர்கள் பலர் வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். திருநெல்வேலியிலிருக்கும் என் மாமாவிடம் என் வேலையை விளக்கியபோது, "ஃபோர்குளோஸ் பண்ணிட்டாங்கன்னா நல்ல விஷயம்தானே மாப்ள, வட்டி மிச்சமாச்சே" என்றார். இந்தியாவில் கடனை முன்கூட்டியே அடைத்து முடிப்பதற்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் அதற்கு நேரெதிர்: தவணை தவறியதால் அடமானம் வைத்த வீடே கையைவிட்டுப் போவது. ஒஹையோ மாநிலத்தில் வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, மாவட்டச் சட்ட அதிகாரியான ஷெரிஃப் நடத்தும் ஏலத்தில் வீட்டை விற்கும். ஏலத்தில் யாரும் எடுக்காவிட்டால் வங்கியே எடுத்துக்கொள்ளும். வங்கி எடுத்த வீட்டில் வங்கி குடியிருக்கப் போவதில்லை. அன்றிலிருந்து அது காலி வீடு.

2010-இல் மட்டும் அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் வீடுகளுக்கு ஃபோர்குளோஷர் நோட்டீஸ் போனது. எங்கள் ஊருக்கு அது முன்னாலேயே வந்துவிட்டது. ஸ்லாவிக் வில்லேஜின் 44105 என்ற அஞ்சல் எண் 2007-லேயே நாடு முழுவதும் செய்தியில் அடிபட்டது. அந்த அளவுக்கு ஒரே வட்டாரத்தில் வீடுகள் போயின.

இந்தக் காலி வீடுகளுக்காகத்தான் 2008 ஜூலையில் வந்த வீட்டுவசதிச் சட்டத்தில் முதல்முறையாகத் தனிப் பணம் ஒதுக்கினார்கள். அக்கம்பக்க நிலைநிறுத்தத் திட்டம் என்று தமிழில் சொல்லலாம், நாங்கள் என்.எஸ்.பி. என்போம். முதல் சுற்றில் 392 கோடி டாலர், மாநிலங்களுக்கும் நகரங்களுக்குமாக 309 இடங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. 2009-இல் இரண்டாம் சுற்றில் 193 கோடி, 2010-இல் மூன்றாம் சுற்றில் 100 கோடி. வாங்கலாம், பழுதுபார்க்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம், தேறாததை இடிக்கலாம், காலி மனைகளை, அவற்றைப் பொறுப்பேற்று வைத்திருக்கும் பொது அமைப்பான நில வங்கியில் வைத்துக்கொள்ளலாம். வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 120 சதவீதத்துக்குள் சம்பாதிக்கும் குடும்பங்களுக்கே அந்த வீடு போகவேண்டும். பணத்தில் கால் பங்கு, 50 சதவீதத்துக்குக் கீழே சம்பாதிப்பவர்களுக்கு. இந்தக் கால் பங்கு விதி நல்ல விதி. அது இல்லாமல் போயிருந்தால் வீட்டுவேலை செய்பவர்களுக்கும் பஸ் ஓட்டுநர்களுக்கும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அரசுப் பணம் எதற்கு, விலை விழுந்த வீட்டைத் தனியாரே வாங்கிச் சரிசெய்து விற்க மாட்டார்களா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் கிரயம் 15 ஆயிரம் டாலர். முறையான மராமத்து 85 ஆயிரம். ஆக மொத்தம் ஒரு லட்சம். வேலை முடிந்தபின் அந்தத் தெருவில் அந்த வீடு 70 ஆயிரத்துக்குத்தான் போகும், ஏனென்றால் பக்கத்தில் இன்னும் நான்கு வீடுகள் பலகை அடித்துக் கிடக்கின்றன. 30 ஆயிரம் துண்டு விழுகிறது. இந்தத் துண்டை ஏற்க எந்த வியாபாரியும் வரமாட்டார். வந்தாலும் 85 ஆயிரம் வேலையைப் பத்தாயிரத்தில் முடிப்பார்: ஒரு கோட் பெயின்ட், மேலே கார்ப்பெட், அடியில் அதே பழைய வயரிங். பிறகு அதை வாடகைக்கு விடுவார். துண்டு விழுந்ததை நிரப்பத்தான் அரசுப் பணம். வாங்குபவருக்கு விற்கும் விலை, வாங்கவும் சரிசெய்யவும் ஆன செலவைத் தாண்டக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

மராமத்துச் செலவு ஏன் இவ்வளவு என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1978-க்கு முன்பு கட்டிய வீடென்றால் சுவரிலும் ஜன்னல் சட்டத்திலும் ஈயப் பெயின்ட் இருக்கலாம். அந்த ஆண்டுதான் வீடுகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். ஜன்னலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் ஈயத்தூள் உதிரும். தவழும் குழந்தை அதைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். போன பிறகு திரும்ப வாங்க முடியாத ஒன்று அந்தக் குழந்தையின் மூளை வளர்ச்சி. மத்திய அரசுப் பணம் ஒரு வீட்டின் மராமத்தில் 25 ஆயிரம் டாலருக்கு மேல் போனால் ஈய ஆபத்தை முழுதாக நீக்கியாக வேண்டும். ஜன்னல் அத்தனையும் மாற்ற நேரும். ஒப்பந்தக்காரர்கள் முனகுவார்கள். என் எஸ்டிமேட்டில் நான் ஒருபோதும் குறைக்காத செலவு அது.

ஆனால் திட்டத்தின் உண்மையான தோல்வி பணத்தில் இல்லை, நாட்களில் இருந்தது. அரசுப் பணத்தில் ஒரு வீடு வாங்க, சந்தை மதிப்பீடு வேண்டும், வில்லங்கம் பார்க்கவேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு முடியவேண்டும், சந்தை மதிப்பைவிடக் குறைத்துத்தான் வாங்கவேண்டும், நகராட்சி கையெழுத்து வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமானதுதான். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டாமா? ஆனால் ரொக்கத்தோடு வரும் முதலீட்டாளர் வீட்டுக்குள்ளேகூடப் போகாமல் அந்த வாரத்திலேயே முடித்துவிடுவார். நல்ல வீடுகள் அவருக்குப் போயின. பேஸ்மென்ட் உறைந்த வீடுகள் எங்களுக்கு வந்தன.

இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். 2008-இல் தொடங்கிய தேசியச் சமூக நிலைநிறுத்த அறக்கட்டளை, பெரிய வங்கிகளோடு பேசி 'முதல் பார்வை' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வங்கி தன் கைக்கு வந்த வீட்டைச் சந்தைக்கு அனுப்புமுன் சில நாட்கள் உள்ளூர் அமைப்புகளுக்கு மட்டும் காட்டும். அந்தச் சில நாட்களில் நான் ஓடிய ஓட்டம் சொல்லி மாளாது. ஒரே நாளில் ஆறு பேஸ்மென்ட் பார்த்ததுண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டில் கிடைத்த வீடுகள்தான் உருப்படியான வீடுகள், சந்தேகமேயில்லை. கலிஃபோர்னியா பின்னர் இதை ஏலத்துக்கே கொண்டுபோனது: 2021 முதல் அங்கே நடக்கும் ஃபோர்குளோஷர் ஏலங்களில், குடியிருக்கும் வாடகைதாரருக்கும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் ஏலம் முடிந்தபின் 45 நாள் வரை அவகாசம் உண்டு. எல்லா மாநிலமும் பார்த்துச் செய்யவேண்டிய காரியம் அது.

முதல் சுற்றுப் பணத்தை 18 மாதத்துக்குள் ஒதுக்கி முடிக்கவேண்டும் என்ற கெடுவும் சேர்ந்துகொண்டது. ஒரே தெருவில் எட்டு வீட்டைச் சேர்த்துச் சரிசெய்திருந்தால் தெருவே எழுந்திருக்கும். கெடுவுக்குப் பயந்து எது கைக்கு வந்ததோ அதை வாங்கினார்கள், இங்கொன்று அங்கொன்றாக. நாங்கள் புதுக்கூரை போட்ட வீட்டுக்கு இரண்டு பக்கமும் கூரை இடிந்த வீடு.

இடிப்பதைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். இந்த வேலைக்கு வந்த புதிதில் எந்த வீட்டையும் இடிக்க என் மனம் ஒப்பாது. இன்று பட்டியலில் 'இடிக்கலாம்' என்று நானே எழுதுகிறேன். செம்புக் குழாய் திருடி, அலுமினியப் பலகை உரித்து, கூரை வழியே மூன்று வருஷம் மழை இறங்கிய வீட்டில் போடும் பணம், அடுத்த தெருவில் இரண்டு வீட்டைக் காப்பாற்றும். 2009-இல் தொடங்கிய, எங்கள் கயஹோகா மாவட்டத்தின் நில வங்கி இந்தத் தரம் பிரிக்கும் வேலையை மாவட்ட அளவில் எடுத்துக்கொண்டது. காப்பாற்றக்கூடியதைக் காப்பாற்றி, மற்றதை இடித்து, மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தோட்டமாகக் கொடுத்தது. நகரங்களில் அரசியல்வாதிகள் ரிப்பன் வெட்ட விரும்பும் வேலை இது இல்லை. ஆனாலும் இது நடக்காமல் மற்றது நிற்காது.

அப்புறம், வீட்டை மலிவாகக் கொடுத்தால் மட்டும் போதாது, அது மலிவாகவே இருக்கவேண்டும். என்.எஸ்.பி. வீடுகளில் போட்ட பணத்தைப் பொறுத்து 5, 10, 15 ஆண்டுகளுக்குப் பத்திரத்தில் நிபந்தனை ஏறியது. 40 ஆயிரம் டாலருக்கு மேல் உதவி போயிருந்தால் 15 ஆண்டு. அதற்குப் பிறகு? சந்தை விலைக்கு விற்றுவிடலாம். என் கண்ணுக்கு இதைவிட நல்லது சமூக நில அறக்கட்டளை முறைதான்: நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும், வீடு மட்டும் குடும்பத்துக்கு. விற்கும்போது ஓரளவு லாபம் கிடைக்கும், அடுத்த குடும்பத்துக்கும் விலை எட்டும். குடும்பத்துக்கு ஒரு தவணை தவறினால் அறக்கட்டளை முதலிலேயே வந்து கதவைத் தட்டும். 2010 இறுதியில் வழக்கமான வீட்டுக்கடன்களில் 4.63 சதவீதம் ஃபோர்குளோஷரில் இருந்தபோது, இப்படிப்பட்ட அறக்கட்டளை வீடுகளில் அது 0.46 சதவீதம் மட்டுமே.

இங்கே இருக்கும் நம்மவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள்.

அரசு உதவியோடு சரிசெய்த வீடு வாங்கப்போகிறீர்கள் என்றால், கையெழுத்துக்கு முன் பத்திரத்தோடு பதிவாகும் நிபந்தனையை வரி வரியாகப் படியுங்கள். எத்தனை வருஷம், நடுவில் விற்றால் எவ்வளவு திருப்பவேண்டும், வாடகைக்கு விடலாமா என்று கேளுங்கள். என்.எஸ்.பி.யில் வாங்குபவர்களுக்கு 8 மணிநேர ஆலோசனை வகுப்பு கட்டாயமாக இருந்தது. அதைச் சடங்காக நினைத்து ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வேலை கிடைத்ததும், "என் வீட்டை நான் வாடகைக்கு விடக்கூடாதா அண்ணா?" என்று கேட்டு வந்தார். அந்த வகுப்பில் முதல் மணிநேரமே அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வாடகைக்கு இருக்கும் வீடு ஏலத்துக்குப் போனால் உடனே பெட்டி கட்டாதீர்கள். 2009-இல் வந்து, இடையில் காலாவதியாகி, 2018-இல் நிரந்தரமாக்கப்பட்ட மத்தியச் சட்டம் குறைந்தது 90 நாள் நோட்டீஸ் தரச் சொல்கிறது. உண்மையான வாடகை ஒப்பந்தம் இருந்தால், வாங்கியவர் தானே குடிவராத வரை ஒப்பந்தக் காலம் முடியும்வரை இருக்கலாம்.

சொந்த வீட்டுத் தவணை தவறியவர்களிடம் நான் காண்பது பெரும்பாலும் வெட்கம். வங்கிக் கடிதத்தைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். மத்திய அரசின் வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகரிடம் போங்கள். ஃபோர்குளோஷரைத் தவிர்க்க உதவுவதற்கு அவர் கட்டணம் கேட்கமாட்டார். முன்பணம் கேட்டு வீட்டைக் காப்பாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். ஒஹையோவில் ஏலம் முடிந்த பிறகும், நீதிமன்றம் விற்பனையை உறுதிசெய்யும் வரை கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம்.

இன்னொன்று, இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்கள் தெருவில் ஒரு வீடு காலியானது தெரிந்தால், அக்டோபர் முடிவதற்குள் நகராட்சியின் கட்டிடத்துறைக்கும் தண்ணீர்த்துறைக்கும் சொல்லிவிடுங்கள். வீட்டு எண்ணைச் சொல்லி, தெருவிலிருக்கும் வால்வை மூடியாயிற்றா என்று மட்டும் கேளுங்கள்.