கொலுசுப் பட்டறைக்காரரும் ஒரு கிழட்டுக் குதிரையும்

சேலத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் சிலரை மட்டும் ஏற்காடு அடிவாரத்தில் உள்ள ஒரு லாயத்துக்கு வரச் சொல்வேன். அங்கே இருக்கும் வயதான பெண் குதிரை ஒன்றின் துணையோடுதான் அன்றைய ஆலோசனை. ‘ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு மேடம்?’ என்பார்கள். ஏறப்போவதே இல்லை என்றதும் முகம் வாடிவிடும்.

போன வருடம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). பிளஸ் ஒன் படிக்கும் மகன் தன்னிடம் பேசுவதில்லை என்பது அவர் குறை. கயிற்றைப் பிடித்துக் குதிரையை வேலி வரை நடத்திப் போங்கள் என்றேன். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து இழுத்தார். அது தலையைத் தூக்கி, காதைப் பின்னால் மடித்து, அசையாமல் நின்றது.

“கோபமா இருக்கீங்களா?”

“சேச்சே, நான் சாதாரணமாத்தானுங்க இருக்கேன்.” பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

கயிற்றைத் தளர்த்தி, மலையைப் பார்த்தபடி மூச்சை மெதுவாக விடச் சொன்னேன். ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். குதிரை தலையைத் தாழ்த்தி வாயை மென்றது. அப்புறம் அவர் நடக்க, பின்னாலேயே வந்தது. பிடரியைத் தடவிக்கொண்டே நின்றவர், “நான் உள்ள நுழைஞ்சா பையன் எந்திரிச்சு ரூமுக்குப் போயிடறான். இதே மாதிரிதானுங்க” என்றார். என் அறையில் மூன்று முறை உட்கார்ந்து பேசியும் வராத பேச்சு அது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. குதிரை, வேட்டையாடப்படும் விலங்கு. ஏறத்தாழ 350 பாகை சுற்றிலும் பார்க்கும். எதிரே நிற்பவரின் உடல் இறுக்கத்தைக் கவனித்தே பிழைத்து வந்த இனம். 2016-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினார்கள். கோப முகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத்துடிப்பு வேகமாகக் கூடியது. நானும் தப்பவில்லை: போனில் ஒரு சண்டையை முடித்த கையோடு போனேன், லாயத்துக் குதிரை முதுகைத் திருப்பிக்கொண்டது.

ஏறிச் செய்யும் சிகிச்சை வேறு. நடக்கும் குதிரையின் அசைவு, நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதைப் போலவே இருக்கும். அதனால் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளுக்குப் பிசியோதெரபிஸ்டுகள் அதைப் பயன்படுத்துகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தை என்றால் கழுத்தெலும்பை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் ஏற்றவே கூடாது. சுற்றுலாத் தலத்துப் பத்து நிமிடச் சவாரியைச் ‘சிகிச்சை’ என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டுக் குதிரையிடம் வருவதும் ஆபத்து.

வருகிறவர்கள் மூடிய ஷூ போட்டு வாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பாருங்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் நெருங்காதீர்கள். பட்டறைக்காரர் அடுத்த முறை ஒரு பை நிறையக் கொள்ளு வாங்கி வந்தார். லாயக்காரர் ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுக்க விடவில்லை.