வாட்டர்ஷெட்: திருப்புமுனையா, நீர்ப்பிரிமேடா?

ஆங்கிலப் பத்திரிகைகளில் தேர்தல் முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு, கிரிக்கெட் வெற்றி என்று எது வந்தாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற சொல் 'வாட்டர்ஷெட்'. வாட்டர்ஷெட் மொமெண்ட், வாட்டர்ஷெட் இயர், வாட்டர்ஷெட் ஜட்ஜ்மெண்ட். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'திருப்புமுனை' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், அதைப் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன். இயந்திரத்திடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால்தான் வேடிக்கை, 'நீர்நிலைத் தருணம்' என்று ஏதாவது கக்கிவைக்கும், அதையும் அப்படியே எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் 'ஷெட்' யாரென்று பார்த்துவிடலாம். கார் ஷெட், தகர ஷெட், லோகோ ஷெட் என்று நாம் தினமும் சொல்கிற கொட்டகை ஷெட்டுக்கும் இதற்கும் உறவில்லை. கொட்டகை ஷெட், நிழல் என்று பொருள்படும் 'ஷேட்' என்ற சொல்லின் திரிபு. வாட்டர்ஷெட்டில் இருப்பது பழைய ஆங்கிலத்தின் 'ஷேடன்' என்ற வினை, பொருள் 'பிரி, வேறாக்கு'. கண்ணீர் சிந்துவதையும் மரம் இலை உதிர்ப்பதையும் ஆங்கிலத்தில் 'ஷெட்' என்கிறார்களே, அது இதேதான். ஜெர்மனில் இதன் உடன்பிறப்பு 'ஷைடன்' இன்றும் பிரிவதற்கும் விவாகரத்துக்கும் வழங்குகிறது. ஜெர்மன்காரர்கள் மலைமுகட்டை வெகுகாலமாகவே 'வாசர்ஷைட', அதாவது நீர்ப்பிரிவு என்று சொல்லிவந்தார்கள், அதைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் புழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் வேர் நம் வீட்டுக்கே வந்து நிற்கிறது. பிரி, வெட்டு என்ற பொருளில் இருந்த அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததுதான் வடமொழியின் 'சித்'. அதிலிருந்து 'சின்ன', அதோடு 'பின்ன' சேர்ந்து தமிழில் 'சின்னாபின்னம்'. பாத்திரம் விழுந்து சின்னாபின்னமாகிவிட்டது என்று சொல்லும்போது வாட்டர்ஷெட்டின் தூரத்துச் சொந்தக்காரனைத்தான் கூப்பிடுகிறோம். சரி, இது ஒரு சுவைக்காக.

பொருளுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, தென்காசிப் பக்கம் இருக்கிற எங்கள் செங்கோட்டை ஆட்களுக்கு இதை விளக்க வரைபடம் தேவையில்லை. புளியரையிலிருந்து எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவுக்கு இறங்குகிற சாலையே இந்தச் சொல்லின் மேல்தான் ஏறி இறங்குகிறது. மலைக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை குண்டாறு, அனுமன் நதி, அரிகர நதி என்று எதிலாவது இறங்கிச் சிற்றாற்றில் சேரும். சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் போய் விழும். அந்தப் பக்கம் விழுகிற மழை பாலருவித் தண்ணீரோடு சேர்ந்து கல்லடையாற்றுக்குப் போய், அஷ்டமுடிக் காயல் வழியாக அரபிக்கடலை அடையும். அருகருகே விழுந்த இரண்டு துளிகள், இரண்டு வெவ்வேறு கடல்கள். அந்தப் பிரிகிற கோடுதான் வாட்டர்ஷெட். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே கொல்லம் ரயில் ஒரு நீளக் குகைக்குள் நுழைந்து வெளிவருகிறதே, அந்தக் குகை இந்தக் கோட்டுக்கு அடியில்தான் போகிறது.

இதற்குத் தமிழில் 'நீர்ப்பிரிமேடு', 'நீர்பிரி முகடு' என்று புவியியலில் எழுதுகிறார்கள். நல்ல சொற்கள், ஜெர்மன் சொல்லைப் போலவே சொன்னவுடன் விளங்குகின்றன.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஆங்கிலமே இந்தச் சொல்லை இரண்டு எதிரெதிர் பொருளில் வைத்துக்கொண்டிருக்கிறது. பிரிட்டன் வழக்கில் அது கோடு. அமெரிக்காவிலோ, கோட்டால் சூழப்பட்டு ஒரே ஆற்றுக்குத் தண்ணீர் தருகிற நிலப்பரப்பு முழுவதும் வாட்டர்ஷெட். கோட்டுக்கு அவர்கள் 'டிவைடு' என்ற வேறு சொல்லை எடுத்துக்கொண்டார்கள், ராக்கி மலைத்தொடரில் 'கான்டினென்டல் டிவைடு' என்று பலகை வைத்திருப்பது அதனால்தான். ஒருவருக்கு வேலி, இன்னொருவருக்குத் தோட்டம்.

நம் நாட்டு அரசுத் திட்டங்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்கப் பொருளை. தடுப்பணை கட்டுவது, சம உயர வரப்பு போடுவது, பண்ணைக்குட்டை வெட்டுவது எல்லாம் 'வாட்டர்ஷெட் டெவலப்மெண்ட்'. தமிழில் அதற்கு 'நீர்வடிப்பகுதி மேம்பாடு' என்று பெயர் வைத்தது சரியான வேலை. அங்கே போய் நீர்ப்பிரிமேடு என்று எழுதினால், மலை உச்சியில் என்ன மேம்பாடு செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். மலையைத் தாண்டினால் மலையாளத்தில் இதே வேலைக்கு 'நீர்த்தடம்' என்று எழுதியிருக்கும். படிக்கும்போது நம் சொல்போலவே இருக்கிறது, ஆனால் தடம் என்றால் நமக்கு வழியோ கால் சுவடோதான் முதலில் தோன்றும், பழைய இலக்கியம் படித்தவர்களுக்கு வேண்டுமானால் குளம் நினைவுக்கு வரும். அதனால் இங்கே அதைக் கடன் வாங்கவேண்டாம், நீர்வடிப்பகுதியே தெளிவு.

நீர்ப்பிரிமேடுதான் கேரள எல்லை என்றும் பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதுவும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே போகின்றன, கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே திரும்பிக் காவிரிக்கு வருகின்றன. இந்தப் பக்கம் பொள்ளாச்சியைப் பாருங்கள், தமிழ்நாட்டு ஊர், ஆனால் ஆழியாற்றுத் தண்ணீர் எல்லை தாண்டிப் பாரதப்புழையில் கலந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பக்கத்தில் உடுமலைப்பேட்டையிலோ அமராவதி வழியாகக் காவிரி. ஒரே பேருந்தில் கொஞ்ச நேரத்தில் கடந்துவிடுகிற தூரத்தில் கடல் மாறிவிடுகிறது, சாலையில் அதற்கு அடையாளம் ஒன்றும் இருக்காது.

மனிதன் கைவைத்தால் மேடும் நிற்காது என்பதற்குப் பெரியாறு இருக்கிறது. 1886இல் 999 ஆண்டுக் குத்தகை போட்டு, பென்னிகுவிக் பொறுப்பில் 1895இல் முடிந்த அணை, மேற்கே போகவேண்டிய தண்ணீரை மலைக்குள் குகை வெட்டிக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வைகைக்கும் திருப்பியது. நீர்ப்பிரிமேட்டை உடைத்து உண்டான பாசனம் அது. இதைத்தான் உண்மையாகத் 'திருப்புமுனை' என்று சொல்லவேண்டும், தண்ணீரையே திருப்பியிருக்கிறார்கள்.

அப்புறம் உருவகப் பொருள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையிலிருந்து இறங்கி வரலாற்றுக்குள் நுழைந்தது இந்தச் சொல். இதற்கு முன், இதற்குப் பின் என்று காலத்தை இரண்டாகப் பிரிக்கிற நிகழ்ச்சிக்கு வாட்டர்ஷெட். இங்கேதான் திருப்புமுனை எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. திருப்புமுனையில் ஒரே ஆள் போய்க்கொண்டே இருக்கிறான், திசை மட்டும் மாறுகிறது. வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டவருடைய வாழ்க்கையில் அது திருப்புமுனை, மறுபேச்சில்லை. வாட்டர்ஷெட்டில் யாரும் திரும்புவதில்லை, ஒன்றாக இருந்தது இரண்டாகப் பிரிந்து தனித்தனியே போகிறது.

எங்கள் பக்கத்துக்கு 1956 நவம்பர் 1 அப்படி ஒரு நாள். அதுவரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அதாவது மலைக்குக் கிழக்கே உள்ள ஊருக்கு மலைக்கு மேற்கே தலைநகரம். அன்றைக்குச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரே அரசின்கீழ் இருந்த செங்கோட்டையும் ஆரியங்காவும் இரண்டு மாநிலமாகின, பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் அலுவலக மொழியும் வேறுவேறு வழியில் போயின, மாநில எல்லை ஏறக்குறைய நீர்ப்பிரிமேட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லின் நேர்ப்பொருளும் உருவகமும் ஒரே இடத்தில் பொருந்துகிற ஊர் வேறு எத்தனை இருக்குமோ!

இதைத் திருப்புமுனை என்றால் பிரிவு தெரியாமல் போகிறது. 'மைல்கல்' இன்னும் மோசம், மைல்கல் வந்த தூரத்தைத்தான் சொல்லும், எதையும் பிரிக்காது. 'யுகசந்தி' அழகான சொல், ஆனால் சந்தி என்பது சேருமிடம், நேர் எதிர்ப்பக்கம் போகிறது.

என் கைக்கு வருவது 'வகிடு'. வகு என்றால் பிரி, வகுத்தல், வகுப்பு, வகிர் எல்லாம் அந்தக் குடும்பம், தலைமுடியை இருபக்கமும் பிரிக்கிற கோடு வகிடு. வகிடு என்றால் சீப்பும் தேங்காய் எண்ணெயும்தான் நினைவுக்கு வரும், வரலாற்றுக்கு எப்படி என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் வட்டார வழக்கிலும் தலைவகிட்டுக்குப் பெயர் 'ஷெட்'தான், ஆங்கிலக்காரர்கள் அதே சொல்லை மலைக்கும் வைத்து, பிறகு சரித்திரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள், நமக்கு மட்டும் என்ன தயக்கம்? மலைக்கு நீர்வகிடு, வரலாற்றுக்குக் காலவகிடு. '1956 செங்கோட்டையின் காலவகிடு' என்று எழுதிப் பார்க்கிறேன், கொஞ்சம் புதிதாகத்தான் இருக்கிறது, ஆனால் புரியாமல் போகாது. செய்தித்தாளில் அவசரத்துக்குத் திருப்புமுனையே இருக்கட்டும், ஒரு சமூகமோ நாடோ இரண்டாகக் கிளைத்த கதையை எழுதுகிறவர்கள் வகிட்டை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு இடத்தில் மட்டும் மேலே சொன்ன எதுவும் உதவாது. பிரிட்டன் தொலைக்காட்சி பற்றிய செய்தியில் வாட்டர்ஷெட் வந்தால் அது இரவு 9 மணி, சிறுவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை அதற்குப் பிறகுதான் காட்டலாம், காலை 5.30 வரை. 'வாட்டர்ஷெட்டுக்குப் பின் ஒளிபரப்பானது' என்று கண்டால் பேசாமல் 'இரவு 9 மணிக்கு மேல்' என்று எழுதிவிடுங்கள்.