பழைய வீட்டை இடித்துவிடாதீர்கள்: நினைவுச்சின்னத்தின் அருகே குடியிருப்பவர்களுக்கான விதி

கொடும்பாளூர், நார்த்தாமலை, மண்டகப்பட்டு, கங்கைகொண்ட சோழபுரம் போன்ற ஊர்களில் கோயிலுக்கோ குடைவரைக்கோ பக்கத்தில் குடியிருப்பவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எழுத்துப்பூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை பழைய வீட்டின் ஒரு சுவரைக்கூட இடிக்காதீர்கள்.

சட்டம் இதுதான். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தம் இதை இறுக்கிவிட்டது. முதல் 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட யாராலும் அனுமதி தர முடியாது. இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டுமே கேட்கலாம். அடுத்த 200 மீட்டரில் புதிதாகவும் கட்டலாம், ஆனால் அனுமதி வாங்கிய பிறகு.

"இருந்த வீட்டை இடித்துவிட்டு அதே அளவில், அதே உயரத்தில் கட்டிக்கொள்கிறேன், அதிலென்ன தவறு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தின் கணக்கில் அது பழுதுபார்ப்பு அல்ல, மறுகட்டுமானம். மறுகட்டுமானத்துக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். 100 மீட்டருக்குள் வீடு தரைமட்டமானால் உங்கள் கையில் இருப்பது வெறும் மனை. அதில் கட்ட வழியே கிடையாது.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் ஒரு மூதாட்டியின் பெயர் அரசு வீட்டுத் திட்டத்தில் வந்தது. அடித்தளம் போட்டுப் படம் எடுத்தால்தான் முதல் தவணை என்றார்கள். ஓட்டு வீட்டைப் பிரித்து, உடையாத ஓடுகளை வேப்பமரத்தடியில் அடுக்கிவிட்டு வானம் தோண்டினார்கள். கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது நோட்டீஸ் வந்தது. பட்டியல் தயாரித்தவர், பணி ஆணை தந்தவர், அளவெடுக்க வந்தவர் என்று அத்தனை பேரும் நினைவுச்சின்னத்தின் நீலப் பலகையைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவர்கூட அவரிடம் வாய் திறக்கவில்லை. நோட்டீஸ் மட்டும் அவர் பெயருக்கு வந்தது.

ஆகவே ஊராட்சி அனுமதியை நம்பி இறங்காதீர்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, வங்கிக் கடன், பயனாளி ஆணை எதுவும் தொல்லியல் அனுமதிக்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி தரும் முறை 2024-இல் வந்தது. கணினி அச்சிட்டுத் தரும் அந்தத் தாள் மத்தியச் சட்டத்தை நீக்கிவிடாது. சான்றளித்தவர் நீங்கள் என்பதால் பழியும் உங்கள் தலையில்தான் விழும். பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் பொதுவாக இந்த எல்லை தெரியாது. மனை விற்பவர் சொல்லவும் மாட்டார்.

அடுத்தது அளவு. கோபுரத்திலிருந்து அளந்து "120 மீட்டர் வருகிறது" என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அளக்க வேண்டியது பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து, எல்லாத் திசையிலும். அந்த எல்லை கோயில் மதிலுக்கு வெளியே இருக்கும் காலி நிலத்தையும் உள்ளடக்கியிருக்கலாம். மொத்தம் 200 மீட்டர்தான் என்பதும் தவறு. இரண்டும் சேர்ந்து 300. கைப்பேசி வரைபடம் சில மீட்டர் தவறும். எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்கு அந்தச் சில மீட்டரே வீடு. நில அளவையரிடம் வரைபடம் வாங்குங்கள்.

பழமையான கோயில் என்றாலே இந்த விதி வந்துவிடாது. அறநிலையத் துறை நிர்வாகத்தில் மட்டும் உள்ள கோயிலுக்கு இது பொருந்தாது. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர்ச் சின்னம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அலையத் தொடங்குங்கள்.

100 மீட்டருக்குள் பழுதுபார்க்க அனுமதி கேட்பவர்களிடம், வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். பழைய வரி ரசீது, மின் இணைப்பு ஆவணம், கிரயப் பத்திரம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ரசீது தொலைந்திருந்தால் ஊராட்சி அலுவலகத்தின் பழைய வரிப் பதிவேட்டிலிருந்து நகல் கேளுங்கள். "பதிவேடு கரையான் அரித்துவிட்டது" என்று சொன்னால் அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்து என்றதும் பல பதிவேடுகள் அலமாரியிலிருந்து வெளியே வருகின்றன. வேலை தொடங்குமுன் வீட்டை நான்கு புறமும், உள்ளேயும் படம் எடுத்துவையுங்கள்.

பழுதுபார்ப்பு என்ற பெயரில் மாடியில் ஓர் அறை எழுப்பினாலும், பக்கத்தில் ஒரு கழிப்பறையை ஒட்டிக் கட்டினாலும் அது விரிவாக்கம். சட்டப்படி புதுக் கட்டுமானம். கழிப்பறைக்கு விலக்கு இருக்கிறதே என்பார்கள். அந்த விலக்கு பொதுக் கழிப்பறைக்கு. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அனுமதி பெற்றவர்கள் அதில் குறித்துள்ள உயரத்தைக் கவனியுங்கள். கைப்பிடிச் சுவர், மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனால் ஊராட்சியில் தாலுகா அலுவலகத்தைக் காட்டுவார்கள், தாலுகாவில் தொல்லியல் துறையைக் காட்டுவார்கள், அங்கே "டெல்லியில் கேளுங்கள்" என்பார்கள். சட்டத்தில் இந்தச் சுற்று இல்லை. விண்ணப்பம் 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்று இதற்காகவே நியமிக்கப்பட்டவருக்குப் போக வேண்டும். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் இணையதளம் வழியாகவே அனுப்பலாம். அந்த அதிகாரி 15 நாட்களுக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு இரண்டு மாதம். அதன் பரிந்துரை வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்டு, விண்ணப்பம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். ஆனால் கெடு தாண்டிவிட்டது, அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படிச் சட்டத்தில் இல்லை. மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

காலம் கடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, யார் என்ன குறிப்பு எழுதினார். 30 நாட்களில் பதில் தர வேண்டும். "கட்டுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாயால் சொல்லும் மத்திய அரசு அலுவலரிடம் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30சி பிரிவை நினைவூட்டுங்கள். தடையை மீறிய கட்டுமானத்துக்கு உடந்தையாகும் மத்திய அரசு அலுவலருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது.