பாட்டி நகையை உருக்கக் கொடுப்பதற்கு முன்

ஆடி கழிந்து முகூர்த்த நாட்கள் தொடங்கினால், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கத்து வீடுகளிலிருந்து பழைய நகைகள் கடைக்கு வர ஆரம்பித்துவிடும். எடை போட்டு, உருக்கி, ஈடாகப் புது மாடல் வாங்கிப் போகிறார்கள். பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்பவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உருக்கும் முன் அந்த நகையைக் கைவேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம் காட்டுங்கள்.

பலர் பயத்தில்தான் உருக்குகிறார்கள். "ஹால்மார்க் இல்லையே, இனி செல்லாதாமே?" என்கிறார்கள். அப்படி இல்லை. ஹால்மார்க் 2021 ஜூனில் கட்டாயமானது. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு இல்லாமல் கடைக்காரர் நகை விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டும் கடையில் விற்கும் நகைக்கான விதிகள். உங்கள் வீட்டு நகையை நீங்கள் வைத்துக்கொள்ளவும் போட்டுக்கொள்ளவும் எந்தத் தடையும் இல்லை. மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, தெரிய வேண்டுமானால் ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறையும் அடிக்கடி காதில் விழும்: பழைய நகையை உருக்கினால் மாற்று குறைகிறது, அந்தக் காலத்து ஆசாரி ஏமாற்றிவிட்டார் என்று. எல்லா நகைக்கும் இது பொருந்தாது. தங்கம் உருகுவது 1064 டிகிரி செல்சியஸில். பற்றவைக்கும் பொடி அதற்கு முன்பே உருகியாக வேண்டும். அதனால்தான் தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் கூட்டிப் பொடி செய்தார்கள். பற்று, அதாவது இந்தப் பொடியால் ஒட்டிய இணைப்பு, நிறைய உள்ள நகையை மொத்தமாக உருக்கினால் மாற்று இறங்கத்தான் செய்யும். கல் பதித்த நகையில் அரக்கின் எடையும் சேர்ந்திருப்பதால், உருக்கினால் எடையும் குறையும்.

பின்னால் வந்த கேடிஎம், அதாவது கேட்மியம் கலந்த பற்று, மாற்றைக் காப்பாற்றியது. ஆனால் கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகை, ஊதுகுழலால் தீயை ஊதிப் பற்றவைப்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நகை செய்யக் கொடுக்கும்போது "கேடிஎம் பற்று வேண்டாம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு தொழிலாளியின் மூச்சைக் காக்கும்.

கைவேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ரவை, அதாவது பொடித் தங்க மணிகள், வைத்த தோடு இருந்தால் லென்ஸில் பாருங்கள். தங்கக் கம்பியைச் சம அளவில் பொடிப்பொடியாக நறுக்கி, கரித்தூளில் பரப்பிக் காய்ச்சினால், உருகும்போது ஒவ்வொரு துண்டும் தானாகவே உருண்டுகொள்ளும். அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குன்றிமணிப் பருப்பை அரைத்த பசையால் தகட்டில் ஒட்டுவார்கள். (குன்றிமணிப் பருப்பு கடும் விஷம். பட்டறையிலும் வீட்டிலும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.) மேலே வெங்காரமும் (போராக்ஸ்) பற்றவைக்கும் பொடியும் தூவி, ஊதுகுழலால் தீயைச் செலுத்த வேண்டும். பொடி உருகி ஓடும்போது ஒரு மினுக்கு தெரியும். அந்த நொடியில் ஊதுவதை நிறுத்தாவிட்டால் ரவையும் தகடும் ஒன்றாய் வழிந்துவிடும். வார்ப்பு நகையில் இந்த மணிகள் தகட்டிலிருந்தே புடைத்தது போல இருக்கும். கைவேலையில் ஒவ்வொரு மணிக்கு அடியிலும் மெல்லிய இடுக்கு தெரியும்.

மயிலாடும்பாறையில் நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு கிடைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் பெருமை. ஆனால் அதை உருக்கியவர் எப்போது ஊதினார், எப்போது நிறுத்தினார் என்பது மண்ணில் கிடைக்காது. ரவை வேலையும் அப்படித்தான். பழைய தோட்டைப் பழுது பார்க்கும்போதுதான் தொழில் பழகும் பையன்கள் அதன் பற்றையும் கட்டமைப்பையும் படிக்கிறார்கள். பழுதுக்கு வரும் நகை நின்றுபோனால் அந்தப் படிப்பும் நின்றுபோகும்.

ஓசூரில் பெரிய நகை ஆலையே இருக்கிறது; விலையில் அதனோடு எங்களால் போட்டி போட முடியாது. தாலி விஷயம் வேறு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடம் இது. தாலியின் வடிவம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய வடிவத்துக்கு யாரும் அச்சு வெட்டி வைத்திருப்பதில்லை. அதைக் கையால்தான் செய்தாக வேண்டும். கல்யாணத்துக்கு மற்றதை எங்கே வாங்கினாலும், தாலியை உள்ளூர்ப் பட்டறையில் கொடுங்கள்.

பழைய நகையைக் கழுவ பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். அரக்கில் பதித்த கல் இருந்தால் வெந்நீர் கூடாது. அரக்கு இளகிக் கல் உதிரும். ரவை ஒன்றிரண்டு விழுந்திருந்தால் திரும்ப வைக்கலாம், திருகு தேய்ந்திருந்தால் மாற்றலாம். உருக்கியே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், முன்பக்கமும் பின்பக்கமும் கிட்டத்தில் படம் எடுத்து ஆசாரியிடம் கொடுத்துவிட்டு உருக்குங்கள். பின்பக்கப் படம் முக்கியம், பற்று இருப்பது அங்கேதான்.