சோகப் பாட்டை நிறுத்தச் சொல்லாதீங்க

கவுன்சலிங்குக்கு வர்றவங்ககிட்ட ஆரம்பத்துலயே நான் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "மனசு சரியில்லன்னா என்ன பாட்டு கேப்பீங்க?" தூக்கம் வருதா, பசிக்குதான்னு கேட்டா டக்குனு பதில் சொல்லிடுவாங்க, ஆனா பாட்டுன்னு கேட்டா மட்டும் ஏதோ டைரியைப் பிரிச்சுப் பாத்துட்ட மாதிரி ஒரு முழி முழிப்பாங்க. ஒரு பையன் (ஆள் அடையாளம் தெரியாம மாத்திதான் சொல்றேன்) பிரேக்கப் ஆகி ரெண்டு மாசம், ஒரே சோகப் பாட்டை லூப்ல போட்டுட்டு ராத்திரி மூணு மணி வரைக்கும் ஹெட்போனோட படுத்திருப்பான். வீட்ல எல்லாரும் "இந்த அழுமூஞ்சிப் பாட்டை நிறுத்திட்டு ஜாலியா ஏதாவது கேளு"ன்னு திட்டியிருக்காங்க. "கேட்டுப் பாத்தேன் மேடம், எரிச்சல்தான் வந்துச்சு, எங்கயோ பக்கத்து வீட்ல விசேஷம் நடக்கற மாதிரி இருந்துச்சு"ன்னான்.

எரிச்சல் வராம எப்படி இருக்கும்? அழுதுட்டு இருக்கறவன் முன்னாடி போய் கைதட்டி சிரிச்சா எப்படி இருக்குமோ அப்படித்தான் இது. 1940கள்லயே அமெரிக்காவுல ஐரா ஆல்ட்ஷூலர்னு ஒரு மனநல மருத்துவர் இதைப் பாத்து ஒரு முறை சொன்னாரு, அதுக்கு ஐசோ முறைன்னு பேரு, ஐசோன்னா சமம். நோயாளி இப்ப எந்த மூட்ல இருக்காரோ முதல்ல அதுக்கு சமமான இசையைப் போடணும், அவர் மனசு அதோட ஒட்டுனதுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இசையை மாத்தணும், மனசும் பின்னாடியே வரும். மியூசிக் தெரபி பண்றவங்க இன்னிக்கும் இதைப் பயன்படுத்தறாங்க.

அந்தப் பையனையும் சோகப் பாட்டை நிறுத்தச் சொல்லல, முதல் பாட்டா அதையே வைக்கச் சொன்னேன். ஆறு பாட்டு, மொத்தம் 25 நிமிஷம். ரெண்டாவதும் சோகம்தான் ஆனா கொஞ்சம் கம்மி, கடைசிப் பாட்டு அவன் எந்த மூடுக்குப் போகணும்னு நினைக்கறானோ அது. மூணாவது இடத்துக்குத்தான் பாட்டே கிடைக்காம ஒரு வாரம் திண்டாடினான், எந்தப் பாட்டு போட்டாலும் ஒரு வரி வந்து குத்துதுன்னான், கடைசியில வார்த்தையே இல்லாத ஒரு புல்லாங்குழல் இசையைக் கொண்டுவந்து வச்சான். அங்கதான் கதவு திறந்துச்சு.

இதுல உடம்புக்கும் பங்கு இருக்கு. 2006ல வந்த ஒரு ஆய்வுல, இசையோட வேகம் கூடக்கூட கேக்கறவங்களோட மூச்சும் இதயத்துடிப்பும் ஏறுச்சு. எனக்குப் பிடிச்சது அதுல இன்னொரு விஷயம், நடுவுல 2 நிமிஷம் இசையே இல்லாம விட்டப்ப அதெல்லாம் ஆரம்பத்துல இருந்ததை விடவும் கீழ இறங்குச்சு. அதனால பிளேலிஸ்ட் முடிஞ்சதும் உடனே ரீல்ஸ் பாக்கப் போகாதீங்கப்பா, ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க. அப்புறம் 2011ல வந்த மூளை ஸ்கேன் ஆய்வு ஒண்ணு, நமக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டுல புல்லரிக்கற இடம் வர்றப்ப மட்டும் இல்ல, அது வரப்போகுதுன்னு காத்திருக்கறப்பவே மூளையில டோபமைன்ங்கற, சந்தோஷத்தோட சம்பந்தப்பட்ட ரசாயனம் சுரக்குதுன்னு காட்டுச்சு. பிடிச்ச பாட்டுங்கறதுதான் இதுல முக்கியம். 'மன அமைதிக்கான இசை'ன்னு மூணு மணி நேர வீடியோ போடறாங்களே, பிடிச்சா கேளுங்க, பிடிக்கலன்னா அது வெறும் சத்தம், அதுக்காக உங்க மேல ஏதோ கோளாறுன்னு நினைச்சுக்காதீங்க.

சரி, பாட்டு மூடை மாத்தும், ஆனா மண்டைக்குள்ள ஓடற பேச்சை அது வெளிய எடுக்காது. அதுக்குத்தான் ஃப்ரீரைட்டிங். பீட்டர் எல்போன்னு ஒரு ஆங்கிலப் பேராசிரியர், எழுத உக்காந்தா கை ஓடாதவங்களுக்காக 1973ல இதைப் பரவலாக்குனாரு. 10 நிமிஷம் டைமர் வைக்கணும், கை நிக்கக்கூடாது, எழுதுனதை அடிக்கக்கூடாது, திரும்பப் படிக்கக்கூடாது, ஒண்ணும் தோணலன்னா 'ஒண்ணும் தோணல'ன்னே எழுதணும், அவ்வளவுதான். ஒரு அம்மா செஷன்லயே எழுதுனாங்க, அனுமதியோடதான் சொல்றேன், முதல் அஞ்சாறு வரி 'என்ன எழுதறது, ஃபேன் சத்தம், பேனா வழுக்குது, நாளைக்கு கரண்ட் பில், என்ன எழுதறது'ன்னே ஓடுச்சு, நாலாவது நிமிஷத்துல திடீர்னு 'அன்னிக்கு அக்கா ஃபோன் பண்ணப்ப நான் வேணும்னேதான் எடுக்கல'ன்னு ஒரு வரி. மூணு மாசமா என்கிட்ட வாய்ல சொல்லாத வரி அது. அவங்களே அதைப் பாத்துட்டு பேனாவைக் கீழ வச்சிட்டாங்க.

இதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு இருக்கு. ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு உளவியலாளர், 1986ல கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிஷம், மனசைக் காயப்படுத்துன விஷயத்தை எழுத வச்சாரு. எழுதி முடிச்ச கையோட அவங்க மூட் இறங்கத்தான் செஞ்சுச்சு, ஆனா அடுத்த சில மாசங்கள்ல மருத்துவ மையத்துக்குப் போறது குறைஞ்சுச்சு. இதை நான் முன்னாடியே சொல்லிடுவேன், இல்லன்னா முதல் நாளே "எழுதுனா இன்னும் அழுகையா வருது, எனக்கு இது செட் ஆகாது"ன்னு விட்டுடுவாங்க.

எழுதறப்ப வார்த்தை உள்ள பாட்டு மட்டும் வேண்டாம், அந்த வரியும் உங்க வரியும் மண்டைக்குள்ள முட்டிக்கும். பாட்டு முடிச்சுட்டு எழுதுங்க. எழுதுன பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க, யாராவது படிச்சுடுவாங்கன்னு பயம் இருந்தா கை பொய் எழுதும். ராத்திரி தூக்கம் வராதவங்க சோகத்தையெல்லாம் தோண்ட வேண்டாம், நாளைக்கு செய்ய வேண்டிய வேலையை 5 நிமிஷம் எழுதுங்க போதும், 2018ல தூக்க ஆய்வகத்துல பாத்தப்ப, முடிச்ச வேலையை எழுதுனவங்களை விட இப்படி எழுதுனவங்க சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கியிருக்காங்க.

பெரிய அதிர்ச்சி நடந்து ரெண்டு நாள்தான் ஆகுதுன்னா இப்பவே எழுத உக்காராதீங்க, அது ஆறட்டும். ரெண்டு வாரமா எழுதறப்பல்லாம் அதே வரி, அதே சுத்துன்னு போனாலும் அது மனசைக் காலி பண்ணல, புண்ணைக் கிளறுது, நிறுத்திடுங்க. வாழறதே வேஸ்ட்னு ஒரு வரி வந்துச்சுன்னா ஒரு நாள் கூட தள்ளிப்போடாம வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி மனநல மருத்துவர்கிட்ட போங்க, அந்தப் பேப்பரை மட்டும் கிழிக்காம கையில எடுத்துட்டுப் போங்க, அங்க உக்காந்தா பேச்சு வரலன்னா அதை நீட்டுங்க.