தவில் அடி விழும்போது சுருதி எங்கே போகிறது?

"தினம் ஒன்றரை ஜிபி டேட்டா. பஸ்ஸில் போக வரப் பாட்டு கேட்டே தீர்ந்துவிடுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

தீராது. நொடிக்கு 96 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் 43 எம்பி. 320 கிலோபிட் என்றாலும் 144 எம்பிதான். பாட்டுக்காக வீடியோவை ஓடவிட்டு ஃபோனைப் பையில் போட்டுக்கொள்கிறோமே, அதுதான் டேட்டாவைக் குடிக்கிறது. ஆடியோ மட்டும் தரும் செயலிக்கு மாறுங்கள். திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டை வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 43 எம்பியில் எப்படி அடங்குகிறது? சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இடம் வலம் இரண்டுக்கும் எழுதுகிறார்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 53 எம்பி ஆகும். ஃபோனுக்கு 96 கிலோபிட்டில் வருவதோ 3.6 எம்பி. மிச்சம் எங்கே?

கோயில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? தவிலில் ஓங்கி ஓர் அடி விழும் கணத்தில் சுருதிப்பெட்டியின் ரீங்காரம் மறைந்து, உடனே திரும்பி வரும். பெட்டி நிற்கவே இல்லை. நம் உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழலுக்குள் ஒரு சவ்வு இருக்கிறது. கீழ் சுருதிக்கு அதில் ஓரிடம் அதிரும், மேல் சுருதிக்கு வேறிடம். பலத்த ஒலி தன் இடத்தோடு அக்கம்பக்கத்தையும் சேர்த்து ஆட்டிவிடுவதால், அங்கே வரும் மெல்லிய ஒலி எடுபடாது. அடி ஓய்ந்த பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்வரை இந்த மறைப்பு நீடிக்கும். அடிக்குச் சில மில்லிநொடி முன்னால் வந்த ஒலிகூட மறைந்துபோகும். முதன்முதலில் இதைப் படித்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

பாட்டுக் கோப்பைச் சுருக்கும் எம்பி3 என்ற முறை இதைத்தான் பிடித்துக்கொண்டது. பாட்டைச் சுமார் 13 மில்லிநொடித் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் 576 அலைவரிசைக் கூறுகளாகப் பிரிக்கிறது. காதுக்கு எட்டாததை விட்டுவிடுகிறது. எட்டுவதையும் தோராயமான எண்களில்தான் எழுதுகிறது. தோராயமாக எழுதினால் இரைச்சல் வருமே? வரும். அந்த இரைச்சலைப் பலத்த ஒலியின் நிழலுக்குள் கொண்டுபோய் ஒளித்துவைக்கிறது! இதைவிட அழகான கணக்கு எனக்குத் தெரியாது.

ஓர் ஒலி இன்னொன்றை எவ்வளவு மறைக்கிறது என்று வேகல், லேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் அளந்து வெளியிட்டது 1924இல். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிராண்டன்பர்க் என்ற பொறியாளரின் குழு அந்த வகை அறிவை வைத்து எம்பி3யை உருவாக்கியது 1980களின் இறுதியில். "இந்த ஆராய்ச்சியால் என்ன லாபம்?" என்று ஆண்டுக்கு ஆண்டு கணக்குக் கேட்டு நிதியை வெட்டுபவர்கள் இந்த அறுபது ஆண்டு இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பஸ்ஸில் 96 கிலோபிட் போதும். எஞ்சின் இரைச்சலே பாதி மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். வீட்டுக்கு வந்து, வைஃபையில், அமைதியான அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதே பாட்டை 320இல் கேளுங்கள். ஜால்ராச் சத்தம் தேய்ந்து அடங்கும் அந்தக் கடைசி நொடியைக் கவனியுங்கள்.